வீடும் வளவும்: புல்லைப் பிடுங்கிய முற்றம்



சென்ற முறை கூரை ஒழுக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு கொச்சிக்கடையிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் பேசினார். "கூரையை விடுங்கோ அக்கா, எங்கட பின்வளவுக்கு ஒரு வழி சொல்லுங்கோ. புல்லோட மாரடிச்சு எனக்குக் களைச்சுப் போச்சு" என்றார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடைக்குப் போகக்கூடாது என்பது தெரிந்தும் போனது என் பிழை. அந்தோனியார் கோயிலுக்கு வரும் சனம், மெழுகுதிரி விற்பவர்கள், முச்சக்கரவண்டிகள் என்று வீதி முழுவதும் அடைத்துக் கிடந்தது. ஜம்பட்டா வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்துதான் வீட்டைப் பிடித்தேன்.

வீடு சின்னது, வாடகை வீடு. பின்வளவு 18 அடி நீளம், 12 அடி அகலம். மூன்று பக்கமும் மதில். ஒரு பக்கத்து வீடு இரண்டு மாடி. நடுப்பகலில் இரண்டரை மணித்தியாலம் வெயில் விழும், மற்ற நேரம் நிழல்தான். குழாயடியில் சேறு. குசினிக் கதவிலிருந்து உடுப்புக் காயவிடும் கொடி வரைக்கும் மிதிபட்டு மொட்டையான ஒற்றையடிப் பாதை. மதிலோரம் பாசி. மிச்சமான இடத்தில் மஞ்சளும் பச்சையுமாகப் புல். தலையில் சொறி பிடித்த பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

அந்தப் புல்லுக்கு ஒரு கதை உண்டு. 2018 இல் பிரான்சிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்தபோது, பேரப்பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று மலேசியன் புல்லைத் துண்டு துண்டாக வாங்கிப் பதித்துவிட்டுப் போனார். மூன்று மாதம் நன்றாக இருந்ததாம். அடுத்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் குண்டு வெடித்தபோது இந்த வீட்டின் பின்பக்க யன்னல் கண்ணாடி உடைந்து புல்லுக்குள் சிதறியது. ஒரு மாதத்துக்கு மேலாகக் கண்ணாடித் துண்டுகளை விரலால் தடவித் தடவிப் பொறுக்கியிருக்கிறார். "மணல் எண்டா அரிச்சு எடுத்திருக்கலாம். புல்லுக்குள்ள எப்பிடி எடுக்கிறது?" என்று என்னைக் கேட்டார். ஆனாலும் புல்லை விடவில்லை. காலையும் மாலையும் தண்ணீர், சின்னப் பலகையில் இருந்துகொண்டு களை பிடுங்கல், மாதம் இருமுறை கத்தரிக்கோலால் வெட்டல். புல் வெட்டும் இயந்திரம் அல்ல, தையல் கத்தரிக்கோல்! தைத்துச் சீவிக்கும் பெண் அவர். முழங்காலில் பழைய செல் துண்டின் காயம் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்தாலும், மாதத்துக்கு முப்பது மணித்தியாலம் புல்லுக்குப் போகிறது. அந்த நேரத்தில் எத்தனை சட்டை தைக்கலாம் என்று அவரிடமே கணக்குப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

புல் ஏன் வரவில்லை? ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவரச் சொல்லி நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தேன். மூன்று அங்குலத்துக்குக் கீழே 'டக்' என்று நின்றது. தோண்டினால் ஓட்டுத் துண்டு, செங்கல், சாந்துக் கட்டி. வீடு திருத்திய காலத்தில் இடித்ததை எல்லாம் பின்வளவில் கொட்டி, மேலே கொஞ்சம் மண் போட்டு மூடியிருக்கிறார்கள். பழைய கொழும்பு வீடுகளில் இது வழமை. வேர் ஓட மண் இல்லை. மேலே வெயிலும் இல்லை. மலேசியன் புல் ஓரளவு நிழல் தாங்கும், அதற்கும் ஒரு அளவு உண்டு. போதாததற்குத் தினமும் அதே பாதையில் மிதி, அதே இடத்தில் சவர்க்காரத் தண்ணீர். இந்த இடத்தில் புல் வளர்க்க முடியாமல் போனது அந்தச் சகோதரியின் பிழை அல்ல. இதைப் பலமுறை சொல்லவேண்டி இருந்தது. எதுவும் பட்டுப் போனால் தன் கைராசிதான் சரியில்லை என்று நினைக்கும் பழக்கம் எங்கள் பலரிடம் இருக்கிறது.

காலிமுகத்திடலைப் பாருங்கள். அங்கே கடலோர நடைபாதையை ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். பெண்களின் பெயரில் இருக்கும் அந்தத் திடலில் புல் பராமரிக்க ஆளும் உண்டு, தண்ணீரும் உண்டு. அப்படியிருந்தும் உப்புக் காற்றும் மிதியும் சேர்ந்து அடிக்கடி மண் தெரியும். 2022 இல் மாதக்கணக்காக நடந்த மக்கள் போராட்டத்துக்குப் பிறகு மீண்டும் புல் வளர்க்க வேண்டி வந்தது. அரசாங்கத்துக்கே சிரமமான வேலை ஒற்றை வாளியோடு நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சுலபமாக இருக்குமா?

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் மற்றக் கதையைச் சொன்னார். வலிகாமம் வடக்கு அவரது ஊர். 1990 ஜூனில் வெளிக்கிட்டவர்கள். அங்கிருந்து பல இடம் மாறி, 1995 இடப்பெயர்வையும் கண்டு, கணவரை இழந்து, அடுத்த வருடம் பிள்ளைகளோடு கொழும்புக்கு வந்தவர். 2015 இற்குப் பிறகு காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது தன் காணியைப் பார்க்கப் போயிருக்கிறார். கூரை இல்லை. முற்றத்தில் இடுப்பளவு புல். மண்டபத்துக்குள்ளும் புல். "அக்கா, நான் விடிய எழும்பி ஈர்க்குமாறால கூட்டின முத்தம். ஒரு புல்லு முளைச்சாலும் மாமி விடமாட்டா. புல்லு முளைச்ச வீடெண்டா ஆளில்லாத வீடெண்டுதானே எங்கட ஊரில சொல்லுறது. இஞ்ச நான் அதையே காசு குடுத்து வாங்கி வளர்க்கிறன்" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னது சரி. எங்கள் ஊர்களில் வீட்டு முன்றலுக்குப் புல் என்ற வழக்கமே இருந்ததில்லை. மணல் பரப்பிய முற்றம். அள்ளிப் போட்ட மணலுக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிடும், காலில் சேறு ஒட்டாது, பாம்பு ஊர்ந்தால் தடம் தெரியும், பிள்ளை விழுந்தால் காயம் வராது. விசேட நாட்களில் ஒரு மூலையில் சாணத்தால் மெழுகிக் கோலம் போடுவோம். வெட்டிப் பராமரிக்கும் புல்தரை வெள்ளைக்காரரின் பங்களாவோடு வந்தது. தோட்டக்காரனும் வேலைக்காரனும் இருந்த வீட்டுக்கு அது பொருந்தியது.

சரி, புல்லை எடுப்பது என்று முடிவாயிற்று. அடுத்தது, அந்த இடத்தில் எதைப் போடுவது? இங்கேதான் சகோதரி ஏற்கெனவே ஒரு தவறு செய்திருந்தார். ஒரு மேசன் பாஸ் வந்து பார்த்துவிட்டு, "முழுக்கக் கொங்கிறீற் போட்டுடுவம் அம்மா, ரெண்டு நாள் வேலை, பிறகு கூட்டுற வேலை மட்டும்தான்" என்று சொல்லி முற்பணம் வாங்கிப் போய்விட்டார். துண்டு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

கொங்கிறீற் போட்டால் என்ன? வாருங்கள், ஒரு கணக்குப் பார்ப்போம். 18 அடிக்கு 12 அடி என்றால் 216 சதுர அடி, ஏறக்குறைய 20 சதுர மீற்றர். பின்னேர இடிமழையில் ஒரு அங்குலம் பெய்வது கொழும்பில் புதினம் இல்லை. அந்த ஒரு அங்குலம் இந்தச் சின்ன வளவில் மட்டும் 500 லீற்றர் தண்ணீர். பதினைந்து லீற்றர் வாளியால் முப்பத்துமூன்று வாளி. கூரையிலிருந்து வழிவது வேறு. கொழும்பில் வருடத்துக்கு 2300 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மண் என்றால் அதில் ஒரு பங்கைக் குடிக்கும். கொங்கிறீற் ஒரு துளியும் குடிக்காது. அந்த முப்பத்துமூன்று வாளியும் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். ஒன்று உங்கள் குசினிக்குள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குள்.

பக்கத்து வீட்டுக்குள் என்றபோது சகோதரி சிரித்தார். காரணம், பின்வீட்டுக்காரர் போன வருடம் தன் வளவு முழுவதையும் கொங்கிறீற் போட்டு மூடியிருக்கிறார். மதிலின் அடியில் இருந்த ஓட்டை வழியாக அவரது மழைத்தண்ணீர் இங்கேதான் வருகிறது. குழாயடிச் சேற்றில் பாதி அவருடையது! அதற்காக இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இவரும் கொங்கிறீற் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் அப்படியே மூன்றாவது வீட்டுக்குப் போயிருக்கும். ஒவ்வொருவரும் தன் வளவை மூடிக்கொண்டு வந்தால் தெருவில்தான் வெள்ளம் நிற்கும். 2010 நவம்பரில் ஒரு இரவு மழைக்கே பாராளுமன்றத்துக்குள் வெள்ளம் போனது நினைவிருக்கும். சதுப்பு நிலங்களை நிரப்பியதுதான் அங்கே பெரிய காரணம். எங்கள் பின்வளவுகளும் அதே கணக்கில் சிறு சிறு தொகையாகச் சேர்கின்றன.

இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் 2007 இல் பெருவெள்ளம் வந்த பிறகு, 2008 ஒக்ரோபரிலிருந்து வீட்டின் முன்வளவில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டு, அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போவதானால் அனுமதி எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. தண்ணீர் இறங்கும் கல் என்றால் அனுமதி வேண்டாம். லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். சென்னையில் 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இத்தனைக்கும் மழைநீர் சேமிப்பை 2003 இலேயே கட்டாயமாக்கிய மாநிலம் அது. எங்கள் நாட்டிலும் நகரங்களில் புதிதாகக் கட்டும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்டது. பழைய வீடுகளில் இருப்பவர்கள் யாரும் சொல்லாமல் தாங்களாகச் செய்தால்தான் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் சகோதரிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது, அந்த மழையும் பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான். மீள்குடியேறிய இடங்களில் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளில் படலையிலிருந்து கிணற்றடி வரை சீமெந்து போட்டு மினுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். பார்வைக்குத் துப்புரவுதான். ஆனால் உங்கள் கிணற்றுக்குப் போகவேண்டிய தண்ணீரை நீங்களே காசு கொடுத்து வீதிக்கு அனுப்புகிறீர்கள்.

நாங்கள் கொச்சிக்கடையில் செய்ததைச் சொல்கிறேன். கொங்கிறீற் வேண்டாம், மணலில் பதிக்கும் இன்ரர்லொக் கல் போடுவோம் என்று தீர்மானித்தோம். நகரத்து நடைபாதைகளில் பதித்திருக்கிறார்களே, அதே கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து இல்லை, மணல்தான். தண்ணீர் முழுவதும் இறங்காது, ஒரு பங்கு இறங்கும். ஆனால் நான் அதைத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. வாடகை வீடு. கொங்கிறீற் போட்டால் அது வீட்டுக்காரருக்குச் சொந்தம். கல்லைப் பதித்தால், எழும்ப வேண்டி வந்தால், கிளப்பிக் கொண்டு போகலாம். எத்தனை வீட்டில் எத்தனை பொருளை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்! "கல்லையும் கொண்டு போகலாமோ?" என்று சகோதரி இரண்டு தரம் கேட்டார். கொண்டு போகலாம். ஆனால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் "ஓம், ஓம்" என்பவர்கள் வீடு விடும் நாளில் வேறு கதை சொல்வார்கள். ஒரு தாளில் 'பின்வளவில் பதித்த கற்கள் வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்தம், போகும்போது எடுத்துக்கொண்டு நிலத்தை மட்டமாக்கிக் கொடுப்பார்' என்று எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைத்தார்கள். முத்திரைக்கு ஒரு செலவு, அவ்வளவுதான்.

முழு இடத்துக்கும் கல் போடவில்லை. வீட்டுக்கு எதிர்ப்புற மதிலோரமாக மூன்று அடி அகலத்துக்கு மண்ணாகவே விட்டோம். மிச்சம் 162 சதுர அடி, 15 சதுர மீற்றர். எட்டு அங்குலத்துக்கு நாலு அங்குலக் கல் சதுர மீற்றருக்கு 50 வேண்டும். ஆக 750. உடைவதற்கும் பிறகு மாற்றுவதற்கும் என்று நாற்பது கூட வாங்கினோம். நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். வாகனம் ஏறும் இடத்துக்குத்தான் 80. கடைக்காரர் 80 ஐத் தலையில் கட்டப் பார்ப்பார், விடாதீர்கள். கல்லை விலை பேசும்போது வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். ஒரு கல் இரண்டே முக்கால் கிலோ வரும். 750 என்றால் இரண்டு தொன்! லொறி ஒழுங்கைக்குள் வராது. விறாந்தை, மண்டபம், குசினி என்று வீட்டைக் குறுக்கறுத்துத்தான் எல்லாக் கல்லும் போக வேண்டும். தையல் மெசினைச் சேலையால் மூடிவிட்டு ஒழுங்கைப் பொடியன்கள் ஆறு பேரைப் பிடித்தோம். சோறும் மீன்குழம்பும் கொடுத்தார் சகோதரி. இரண்டு பின்னேரத்தில் வேலை முடிந்தது.

முற்பணம் வாங்கிய பாஸ் காசைத் திருப்பித் தர மறுத்தார். நான் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. "அப்ப அந்தக் காசுக்கு மண்ணை வெட்டித் தாங்கோ தம்பி" என்று கேட்டேன். முகத்தைச் சுழித்தாலும் வந்தார். எட்டு அங்குலம் வெட்ட வேண்டும். அது ஒரு கியூப்புக்குக் கொஞ்சம் கூட. வெட்டிய ஓட்டுத் துண்டையும் செங்கல்லையும் எறியவில்லை. மண்ணாக விட்ட பக்கத்தில், மதிலின் அத்திவாரத்துக்கு ஒரு அடி தள்ளி, ஏழு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டி அதற்குள் போட்டோம். மேலே பழைய சாக்கு, அதன்மேல் மண். இடைவெளிகளுக்குள் 250 லீற்றர் வரை தண்ணீர் நின்று மெல்ல நிலத்துக்குள் இறங்கும். ஒரு அங்குல மழையில் பாதி! இத்தனை வருடம் புல்லைச் சாகடித்த குப்பை இப்போது தண்ணீரைப் பிடிக்கிறது. குழியை அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டக் கூடாது, வீட்டுச் சுவரோரமாகவும் வெட்டக் கூடாது.

வெட்டிய அடிநிலத்தை முதலில் நன்றாக அடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் நாலு அங்குலம் உடைத்த கருங்கல்லும் தூளும் கலந்த அடிப்படை. கடையில் ஏ.பி.சி. என்று கேட்டால் தருவார்கள். இதை ஒரே தடவையில் கொட்டி அடித்தால் மேல்பக்கம் மட்டும்தான் இறுகும். இரண்டு இரண்டு அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து அடிக்கச் சொல்லுங்கள். பாஸ்மார் களவு செய்யும் இடம் இதுதான். மேலே கல் வந்த பிறகு யாருக்குத் தெரியப் போகிறது? ஆறு மாதத்தில் குழி விழும்போதுதான் தெரியும். அந்த நாளில் தையலை விட்டுவிட்டுக் கதிரை போட்டு அருகில் இருங்கள். பிறகு ஒன்றரை அங்குலம் பருமணல், அதைப் பலகையால் இழுத்து மட்டமாக்கிக் கல்லை வைப்பது. ஓரக்கற்களை மட்டும் சீமெந்தில் பதிக்க வேண்டும். ஓரம் பிடிக்காவிட்டால் கல்லெல்லாம் மெல்ல மெல்ல விலகிப் போகும். கடைசியில் காய்ந்த மென்மணலைக் கொட்டித் தும்புத்தடியால் இடைவெளிகளுக்குள் கூட்டி நிரப்புவது. இரண்டு கிழமை கழித்து மணல் இறங்கியிருக்கும், மீண்டும் ஒரு தடவை நிரப்ப வேண்டும்.

சரிவு வீட்டிலிருந்து வெளியே இருக்க வேண்டும். எங்கள் ஒன்பது அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் விட்டோம். கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும். பாஸ் கண்ணால் பார்த்து "சரி" என்பார். நம்ப வேண்டாம். தெளிவாகத் தெரியும் பிளாஸ்ரிக் குழாய் பத்து அடி வாங்கி, தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இருவர் பிடித்துப் பார்த்தால் மட்டம் உங்களுக்கே தெரியும். சகோதரி அப்படிப் பார்த்து ஒரு மூலையில் சரிவு வீட்டுப் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்! அந்த மூலையைக் கிளப்பித் திரும்பப் பதித்தார்கள். கொங்கிறீற் என்றால் உடைத்திருக்க வேண்டும்.

மழைத்தண்ணீரை மலகூடக் குழாயில் இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். கொழும்பின் பழைய கழிவுக் குழாய்கள் மழைத்தண்ணீருக்காகப் போட்டவை அல்ல. பெருமழையில் எல்லாம் திரும்பி வீட்டுக்குள் வரும்.

குளியலறைக்குப் போடுவது போன்ற மினுக்கிய தரையோடுகளை வெளியில் போட வேண்டாம். நிழல் வளவில் கார்த்திகை, மார்கழியில் பாசி பிடிக்கும், வழுக்கும். முழங்கால் சுகமில்லாதவர்கள் விழுந்தால் பெரிய செலவு. இன்ரர்லொக் கல்லிலும் பாசி வரும், ஆனால் சொரசொரப்பு இருப்பதால் காலுக்குப் பிடி இருக்கும். மாதம் ஒருமுறை தும்புத்தடியால் உரசிக் கழுவினால் போதும். அசிட் ஊற்றக் கூடாது, கல்லும் கெடும், பக்கத்துச் செடியும் கருகும். இடைவெளிகளில் ஓரிரண்டு புல் முளைக்கும். அதைப் பிடுங்கும் வேலை மட்டும் மிச்சம். வேலையே இல்லாத முற்றம் என்று விற்பவர்கள் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். முப்பது மணித்தியாலம் இப்போது ஒன்றரை, இரண்டாகக் குறைந்திருக்கிறது.

நுளம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்து, நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கல் பதித்த முற்றத்தில் ஒரு கல் இறங்கிக் குழி விழுந்தால் அதில் தண்ணீர் நிற்கும். பூச்சாடித் தட்டும் அப்படித்தான். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தை உரசியும் கழுவ வேண்டும். இறங்கிய கல்லைத் தட்டையான கம்பியால் நெம்பி எடுத்து, கீழே ஒரு பிடி மணல் போட்டுத் திரும்ப வைக்கலாம். பெண்ணொருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலைதான்.

மண்ணாக விட்ட மூன்று அடியில் என்ன வைத்தார் தெரியுமா? நிழலும் ஈரமும் உள்ள பக்கத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. வெயில் படும் மூலையில் ஒரு கறிவேப்பிலை. சாமிக்கு வைக்க ஒரு நந்தியாவட்டை. முருங்கை வைக்க ஆசைப்பட்டார், நான் மறித்துவிட்டேன். காற்றுக்கு முறிந்து பின்வீட்டுக் கூரையில் விழுந்தால் திரும்பவும் சண்டை. பின்வீட்டுக்காரரோடு இப்போது பேச்சு இருக்கிறது. ஊறுகுழி வெட்டும்போது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வளவிலும் ஒரு மூலையை உடைத்து அப்படிச் செய்யலாமா என்று கேட்டாராம். சகோதரி வல்லாரைக் கட்டொன்றை மதிலுக்கு மேலால் கொடுத்திருக்கிறார்.

மகனிடம் சொல்வதற்குத்தான் அவர் மிகவும் பயந்தார். பிள்ளை ஆசையாகப் பதித்த புல் என்று மண் வெட்டிய நாளிலும் அழுதார். ஒரு சதுரத்தைத் தகர டப்பா ஒன்றில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் மகனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "எந்தப் புல்லம்மா?" என்று கேட்டாராம். ஏழு வருடத்தில் மகனுக்கு அது மறந்தே போய்விட்டது. இதைச் சொல்லிச் சகோதரி சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமலும் இருந்தார்.

டப்பாப் புல் குசினி யன்னலில் இருக்கிறது. அதற்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார். மிச்சமான நாற்பது கல்லில் ஐந்து உடைந்த கல்லுக்குப் பதிலாகப் போனது. மற்ற முப்பத்தைந்தையும் மதிலோரமாக அடுக்கி, மேலே பலகை போட்டு, பின்னேரங்களில் அதில் இருந்துதான் பொத்தான் தைக்கிறார்.

வீட்டுக்காரருடன் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைத் தாளின் மாதிரியை அடுத்த இதழில் தருகிறேன். உங்கள் வளவின் நீள அகலத்தையும், எத்தனை மணித்தியாலம் வெயில் விழுகிறது என்பதையும் எழுதி அனுப்பினால், எத்தனை கல், எவ்வளவு மணல் என்று கணக்குப் போட்டுத் தருவேன்.